டிக்காஷன் இறங்கவில்லை: காலை ஆறு மணிக் கோளாறுகளும் அவற்றை நீக்கும் முறையும்

மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. சீர்வரிசையில் ஒரு பித்தளை ஃபில்டரும் வைத்தோம். அதோடு குறிப்புப் புத்தகம் எதுவும் வரவில்லை. மகளோடும் வரவில்லை, மாப்பிள்ளையோடும் வரவில்லை. அன்றிலிருந்து காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் பெங்களூரிலிருந்து தொலைபேசி வரும். "மாமா, டிக்காஷன் இறங்கவில்லை."

நான் மின்வாரியத்தில் 32 ஆண்டு பழுது பார்த்தவன். வீட்டில் மின்சாரம் இல்லை என்று புகார் வந்தால், கம்பத்தில் ஏறுவது கடைசி வேலை. சுவிட்ச் போட்டிருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. காசு செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி, காசு கேட்கும் காரணத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும். மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பியதை அந்த ஒழுங்கில் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. அந்த நேரத்தில் அடுப்படியில் இரண்டு வகைக் கோளாறு வரும். ஒன்று ஃபில்டரில், இன்னொன்று ஆளிடம். வெளியே தெரியும் அறிகுறி பல நாள் ஒன்றாகவே இருக்கும். எப்போதும் ஃபில்டரையே முதலில் பாருங்கள். அதைத்தான் கழற்றிப் பார்க்க முடியும்.

கையில் இருக்க வேண்டியவை: குண்டூசி, இடுக்கி, பழைய பல் துலக்கும் பிரஷ், கைத்துணி, டார்ச் விளக்கு.

அறிகுறி 1: டிக்காஷன் இறங்கவே இல்லை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். வெந்நீர் ஊற்றி எவ்வளவு நேரம் ஆயிற்று? நல்ல டிக்காஷன் இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆகும். மாப்பிள்ளை முதன்முறை அழைத்தபோது ஊற்றி நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. 25 நிமிடம் கழிந்தும் கீழ்ப் பாத்திரத்தின் அடி மறையவில்லை என்றால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

*காற்று அடைத்திருக்கிறதா?* மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக உட்கார்ந்துவிட்டால், கீழே உள்ள காற்று வெளியேற வழியிருக்காது. காற்று போகாமல் சொட்டு விழாது. துணியால் பிடித்து மேல் பாத்திரத்தை அரை விரல் தூக்கி, மறுபடி தளர்வாக வையுங்கள். சொட்டும் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது.

*பொடியை அமுக்கிவிட்டீர்களா?* உள்ளே குடைபோல் காம்பு வைத்த தட்டு ஒன்று இருக்கிறதே, அதைப் பொடியின் மேல் வைத்தால் போதும். மாப்பிள்ளை பொறியாளர். "அழுத்தம் கூடினால் வேகம் கூடும்தானே, மாமா?" என்று கேட்டார். பொடி இறுகித் தண்ணீருக்கு வழி அடைபடும், அவ்வளவுதான். இடுக்கியால் காம்பைப் பிடித்து ஒரு நூல் அளவு தூக்கிவிடுங்கள். கரண்டியால் கிளறாதீர்கள், கசடு கீழே இறங்கிவிடும். மேலும் மேலும் வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம்.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதுதான் காரணமோ என்றும் அவர் ஒரு நாள் கேட்டார். கணக்கு சரி. காப்பிக்கு 97 டிகிரி தாராளமாகப் போதும். படித்தவர்கள் கம்பத்தில்தான் முதலில் ஏறுகிறார்கள்.

*பொடி எப்படிப்பட்டது?* பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும்; கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். சிக்கரி தண்ணீரை உறிஞ்சி ஊறி வழியை அடைக்கும். 60:40 வாங்கியிருந்தால் அடுத்த முறை 80:20 வாங்குங்கள். கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையாக இருந்தால் "ஃபில்டருக்கு" என்று சொல்லிவிடுங்கள், மாவாக அரைக்க மாட்டார்கள்.

*கண் அடைந்திருக்கிறதா?* மேல் பாத்திரத்தைக் கழுவி டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி வராத துளை அடைந்த துளை. எவர்சில்வர் ஃபில்டர் என்றால் இடுக்கியில் பிடித்து, அடிப்பக்கத்தை அடுப்புத் தணலில் ஒரு நிமிடம் காட்டுங்கள். உள்ளே ஒட்டியது கருகிவிடும், ஆறிய பின் பிரஷ்ஷால் தட்டினால் உதிரும். பித்தளைக்கு இந்த வைத்தியம் ஆகவே ஆகாது. உள்ளே பூசிய வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதற்குச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஓர் இரவு ஊறல், காலையில் குண்டூசி.

*யாரைக் கூப்பிடுவது?* பூச்சு போய் உள்ளே மஞ்சள் தெரிந்தால் அதில் காப்பி போடுவதை நிறுத்திவிட்டு ஈயம் பூசுகிறவரிடம் கொடுங்கள். முன்பெல்லாம் அவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். இப்போது நாம்தான் பாத்திரக்கடைத் தெருவில் அவரைத் தேடிக்கொண்டு போக வேண்டும். துளையே பெரிதாகிவிட்டதென்றால் புது ஃபில்டர்தான்.

அறிகுறி 2: டிக்காஷன் தண்ணீராக இறங்குகிறது

மூன்று நிமிடத்தில் முழுவதும் கீழே வந்துவிட்டால் இந்த வகை. பொடி குறைவா? இரண்டு பேருக்கு மேசைக்கரண்டியால் குவித்து மூன்று, தண்ணீர் 200 மில்லி. அதில் 150 மில்லிதான் கீழே வரும், மீதியைப் பொடி குடித்துக்கொள்ளும். பொடி ரவைபோல் இருக்கிறதா? தட்டை வைக்க மறந்தீர்களா? தண்ணீர் கொதித்து வெகுநேரம் ஆறியதா? இவை நான்கும் இல்லையென்றால் ஐந்தாவது கேள்வி: இது முதல் டிக்காஷன்தானா?

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

முதல் டிக்காஷன் இறங்கிய அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுப்பது இரண்டாம் டிக்காஷன். நிறம் இருக்கும், குணம் இருக்காது. பெரும்பாலான வீடுகளில் அது தினமும் தயாராகிறது. அதை யார் குடிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. விருந்தாளிக்கு முதல் டிக்காஷன். அலுவலகம் போகிறவருக்கு முதல் டிக்காஷன். பிள்ளைகளுக்குப் பாலைக் கூட்டி இரண்டாவது. போட்டவருக்கும் இரண்டாவது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, "இனிமேல் காப்பி என் பொறுப்பு" என்று அறிவித்தேன். அறிவிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி இல்லை, அவ்வளவுதான். இருவருக்கும் முதல் டிக்காஷனிலேயே கலந்தேன். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "கசக்கிறது." பொடியை மாற்றினேன். சிக்கரியைக் குறைத்தேன், பிறகு கூட்டினேன். தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றினேன். ஐந்து நாளும் அதே சுளிப்பு. ஆறாம் நாள் அவளே சொன்னாள்: "எனக்கு இரண்டாம் டிக்காஷனே போதும். அதுதான் பழக்கம்."

"எத்தனை நாளாக?"

"இதென்ன கேள்வி? இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து."

29 ஆண்டு. தெருவின் கடைசி வீட்டில் மின்னழுத்தம் குறைகிறது என்று புகார் வந்தால் அளவைக் கருவியோடு ஓடியவன் நான். எங்கள் வீட்டின் கடைசி முனையில் அழுத்தம் குறைந்திருப்பது தெரியவில்லை, புகார் வராததால்.

நான் வருத்தப்பட்டு என்னவோ சொல்லத் தொடங்கியதும் அவள் எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அது தியாகம் என்று தோன்றியதே இல்லை. நான் அதைத் தியாகமாக ஆக்கியதில்தான் எரிச்சல். ஒருவர் 29 ஆண்டு விரும்பிக் குடித்ததை நாம் ஒரே காலையில் துயரக் கதையாக்கினால் கோபம் வராதா?

பிறகு ஓர் ஏற்பாடு செய்தோம். அவள் டம்ளரில் வாரத்துக்கு ஒரு கரண்டி வீதம் முதல் டிக்காஷனைக் கூட்டுவது. பாதிக்குப் பாதி வந்ததும் "இதுதான் சரி" என்று நிறுத்திவிட்டாள். இன்றும் அவளுக்கு அதே அளவு. இந்தக் கோளாறை நீக்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. நாளைக் காலை எந்த டம்ளரில் எது ஊற்றப்படுகிறது என்று அருகே நின்று பார்த்தால் போதும். பார்த்ததும் பேசிவிடாதீர்கள்.

அறிகுறி 3: பால் திரிந்துவிட்டது

நேற்றைய மீதியை இன்றைய பாலோடு சேர்த்துக் காய்ச்சினீர்களா? பாக்கெட் வாசலில் எத்தனை மணிவரை கிடந்தது? இரவில் மின்சாரம் நின்றதா? பாத்திரம் சுத்தமாகக் கழுவப்பட்டதா? இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். "யார் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்ற ஐந்தாவது கேள்வியால் இதுவரை எந்தப் பாலும் ஒன்று சேர்ந்ததில்லை.

நாற்றம் இல்லையென்றால் வடிகட்டிச் சர்க்கரை போட்டுக் கிளறுங்கள். ஏலக்காய் இரண்டு. கோளாறு இனிப்பாகி ஒன்பது மணிக்குள் காலியாகிவிடும். எங்கள் வீட்டில் சில நாள் வேண்டுமென்றே திரிகிறதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பால் திரியவில்லை, காப்பிதான் நீர்த்திருக்கிறது என்றால் பாக்கெட்டைப் பாருங்கள். நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம் கொழுப்பு, சமன்படுத்திய பாலில் 3. டிக்காஷனைப் பழிக்கும் முன் இந்த எண்ணைப் படித்துவிடுங்கள்.

அறிகுறி 4: காப்பி ஆறிவிட்டது

இது பாத்திரத்தின் குற்றமாக இருந்ததே இல்லை. "காப்பி கலந்துவிட்டேன்" என்ற குரலுக்கும் டம்ளரைக் கையில் எடுப்பதற்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் என் சராசரி ஒன்பது நிமிடம். "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளின் இரண்டாம் பக்கத்தைத் திருப்புவேன். நான் காப்பி போடத் தொடங்கிய பிறகுதான் அந்த ஒன்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. இப்போது அவள் பூப்பறித்துக்கொண்டு "இதோ" என்கிறாள். நான் டம்ளர்மேல் டபராவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆறியதைச் சுடவைக்க வேண்டுமென்றால், கலந்த காப்பியைக் கொதிக்கவிடாதீர்கள், கசந்துவிடும். டிக்காஷனை எப்போதும் தனியே வைத்திருங்கள். பாலை மட்டும் பொங்கக் காய்ச்சி அதில் ஊற்றுங்கள். ஒருமுறை சுடவைத்துத் தருவார்கள், ஒன்றும் சொல்லாமல். இரண்டாம் முறை தருவார்கள், அறிகுறி 5-உடன்.

அறிகுறி 5: டம்ளர் சத்தம் போடுகிறது, கேட்டால் "ஒன்றுமில்லை"

சத்தத்தை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். "டக்" என்று வைத்தால் இயல்பு நிலை. "ணங்" என்று வைத்து, காப்பி தளும்பி டபராவில் சிந்தினால் இன்றைய விஷயம், மாலைக்குள் தீரும். பூப்போலச் சத்தமே இல்லாமல் வைத்துவிட்டுப் போனால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மின்வாரியத்திலும் அப்படித்தான்: பொறி பறக்கும் கம்பியை யாரும் தொட மாட்டார்கள், சத்தமில்லாத கம்பிதான் ஆளை அடிக்கும்.

காரணங்கள், மலிவானதிலிருந்து:

*தூக்கமில்லை, அல்லது தலைவலி.* ஒன்றும் கேட்காமல் காப்பியைக் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் அந்தப் பக்கம் போகாமல் இருங்கள். ஏழு மணிக்குத் தானாகச் சரியாகும்.

*நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.* காப்பியைக் குடித்தீர்கள், டம்ளரைக் கீழே வைத்தீர்கள், போய்விட்டீர்கள். சங்கப் பாட்டு ஒன்றில், புகை கண்ணில் பட, தயிர் பிசைந்த விரலைத் துடைத்த புடவையைத் துவைக்காமல் அப்படியே உடுத்திக்கொண்டு ஒருத்தி குழம்பு வைக்கிறாள். கணவன் உண்டுவிட்டு "இனிது" என்கிறான். அவள் முகம் இருக்கிற இடம் தெரியாமல் மலர்கிறது. ஒரே ஒரு சொல். அவன் உப்பு, புளி, காரம் என்று பிரித்து விமர்சனம் எழுதவில்லை.

*சொன்ன வேலை கிடக்கிறது.* போன மாதம் மாப்பிள்ளை வழக்கம்போல "டிக்காஷன் இறங்கவில்லை" என்றார். பின்னணியில் பாத்திரம் கழுவும் ஓசை வேண்டியதற்கு மேல் பலமாகக் கேட்டது. "உங்கள் வீட்டில் எந்த விளக்கு எரியவில்லை?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. "குளியலறை பல்பு, மாமா. மூன்று வாரமாக." எல்.இ.டி. பல்பு ஒன்று நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் என்றேன். மறுநாள் டிக்காஷன் இறங்கிவிட்டது.

*ஒப்பீடு.* "எங்கள் அம்மா போட்டால் மணம் வாசல்வரை வரும்" என்பதுபோல ஏதாவது சொன்னீர்களா? சாதாரணமாகத்தான் சொன்னீர்களா? சாதாரணமாகச் சொன்னதற்குத்தான் விலை அதிகம். திருத்தம் சொல்லப் போய் "அதாவது நான் என்ன சொல்ல வந்தேன் என்றால்" என்று தொடங்காதீர்கள். அடுத்த முறை அம்மா வரும்போது, அம்மாவின் காதில் விழும்படி மனைவியின் காப்பியைப் புகழுங்கள். இதில் வேறு ஆபத்து உண்டு. அதற்குத் தனிக் குறிப்பு எழுத எனக்குத் துணிவில்லை.

*பழைய கோப்பு.* 1996-இல் ஒரு கல்யாண வீட்டில், எல்லோர் முன்னாலும் நான் எதையோ சொல்லிச் சிரித்திருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை. அவளுக்கு அன்று உடுத்திய புடவையின் நிறம்வரை நினைவிருக்கிறது. இந்த வகைக்கு "அது நடந்து எத்தனை வருடம் ஆயிற்று" என்பது பதிலாகாது. நினைவில்லை என்று வாதாடாமல் மன்னிப்புக் கேட்டேன். கோப்பு மூடப்பட்டதா என்று தெரியாது. இந்த இரண்டு ஆண்டில் மேசைக்கு வரவில்லை.

எந்தக் காரணமானாலும் "என்ன ஆயிற்று?" என்பதை ஒருமுறை கேளுங்கள். இரண்டாம் முறை கேட்பதற்குப் பதில் அந்த பல்பை மாட்டுங்கள். மூன்றாம் முறை கேட்டால், தட்டை அமுக்கிய ஃபில்டரின் கதைதான்.

இந்தக் கோளாறு ஆண்களுக்கும் வரும். அவர்கள் "ஒன்றுமில்லை" என்றுகூடச் சொல்வதில்லை. கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார்கள். சோதனை எளிது: திரை நகர்கிறதா என்று பாருங்கள். நகரவில்லை என்றால் ஏதோ இருக்கிறது.

அறிகுறி 6: எல்லாம் சரி, காப்பி மட்டும் பிடிக்கவில்லை

பொடிப் பாக்கெட் பிரித்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்றா? மணம் போயிருக்கும். 250 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பொடியை வீட்டில் இன்னொருவரை முகரச் சொல்லுங்கள். அவருக்கு மணம் தெரிந்து உங்களுக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு மூக்கில். சளி போன பிறகும் சில வாரம் மணம் திரும்பவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இரவில் தூக்கம் வரவில்லை என்றால் மாலைக் காப்பியை நான்கு மணிக்கு முன்னே தள்ளுங்கள். காஃபீனில் பாதி குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். அடிக்கடி நெஞ்செரிச்சல் வந்தால் வெறும் வயிற்றில் குடிப்பதை நிறுத்துங்கள். நிறுத்தியும் எரிந்தால் மருத்துவர்.

காப்பி, சாப்பாடு, பேச்சு, தூக்கம் எதிலும் பிடிப்பில்லாமல் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது ஊடலும் இல்லை, கோபமும் இல்லை. அதை வீட்டு வைத்தியத்தால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். டம்ளர் சத்தத்துக்குப் பதில் கை ஓங்கப்படும் வீட்டுக்கு இந்தக் குறிப்பில் எதுவும் இல்லை. அங்கே பல்பு மாட்டிச் சமாளிக்கக் கூடாது. பெண்களுக்கான உதவி எண் 181.

அறிகுறி 7: மாப்பிள்ளையிடமிருந்து பத்து நாளாகத் தொலைபேசி இல்லை

முதல் காரணம், எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டாவது, உடனடிக் காப்பித்தூள் வாங்கிவிட்டார்கள். மூன்றாவதை நினைக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே நினைத்தேன். "நீங்களே அழைத்துக் கேளுங்களேன்" என்றாள் என் மனைவி. கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக் கூடாது என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நேற்றுக் காலை ஆறு பத்துக்கு அழைப்பு வந்தது. மகள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அப்பா, நீங்கள் எழுதி அனுப்பிய இரண்டாம் டிக்காஷன் கதையைப் படித்ததிலிருந்து தினமும் இவர் முதல் டிக்காஷனை முழுவதும் எனக்கே ஊற்றிவிட்டு, இரண்டாவதைத் தான் குடிக்கிறார். பக்கத்தில் நின்று முகத்தைப் பார்க்கிறார். கசக்கிறது, அப்பா. எப்படிச் சொல்வது?"

கைப்பேசியை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் பால் வைக்கப் போனேன்.